கன்டெய்னர் வாசலில் விட்ட செருப்பு

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதம். ஒரகடத்துக்குப் பக்கத்தில், வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குள் இருக்கும் ஒரு கிடங்கில் இது நடந்தது. என் வீட்டில்கூட இதை நான் முழுதாகச் சொன்னதில்லை. பாதி சொல்லும்போதே என் கணவர் "போதும், நிறுத்து" என்று எழுந்து போய்விடுவார். அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் பாதியில் எழுந்து போனாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

நான் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் காப்பறையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் பார்ப்பது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கொஞ்சத்தைத்தான். இடமில்லாமல் உள்ளே அடைத்து வைத்திருப்பது அதைவிடப் பல மடங்கு. கல் சிலைகள், செப்புப் பாத்திரங்கள், தாழிகள், எல்லாவற்றையும்விட அதிகமாக மரச் சாமான்கள். தேர்ச் சிற்பங்கள், கோயில்களில் கைவிட்ட பழைய வாகனங்கள். குதிரை, காளை, யானை, மயில் என்று ஒரு கூட்டமே இருக்கும். கட்டடமோ மழைக்கு ஒழுகும். மரத்தைத் துளைக்கும் வண்டு வேறு. காளையின் வயிற்றில் தட்டினால் மாவு கொட்டும். பல வருடம் கெஞ்சிய பிறகு, கார் உதிரிபாகங்கள் வைத்திருந்த ஒரு பெரிய ஷெட்டில் ஒரு பகுதியை எங்களுக்காக வாடகைக்கு எடுத்தார்கள். எல்லாவற்றையும் அங்கே மாற்றும்படி உத்தரவு வந்தது. எனக்கு அன்று ஸ்வீட் வாங்கிக் கொடுக்கும் அளவுக்குச் சந்தோஷம்.

அந்த மாதம் முழுக்க மின்சார ரயிலில் சிங்கப்பெருமாள் கோவில், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஆட்டோவில் எல்லோர் கழுத்திலும் கம்பெனி அட்டை தொங்கும். ஓட்டுநர் ஒருநாள், "நீங்க எந்தக் கம்பெனிமா?" என்று கேட்டார். "சாமி கம்பெனி" என்றேன். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பேர். என் இடம் வந்தால், "சாமி கம்பெனி எறங்குமா!" என்று கத்துவார்.

இரண்டு பழக்கங்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது புரியாது.

முதலாவது எங்களுடையது. எங்கள் காப்பறைக்குள் யாரும் செருப்போடு போக மாட்டோம். அப்படி விதி எதுவும் கிடையாது. அரசாங்கக் கணக்கில் அவை வெறும் பொருள்கள். எங்களுக்கு அவை சாமி, அவ்வளவுதான். இதில் இன்னொரு வசதியும் உண்டு. வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் காவலர் சாயங்காலம் பூட்ட வரும்போது உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார், வாசலைத்தான் பார்ப்பார். செருப்பு இல்லையென்றால் பூட்டிவிடுவார். இத்தனை வருடத்தில் யாரும் உள்ளே மாட்டிக்கொண்டதில்லை.

மற்றது அந்தக் கிடங்கினுடையது. அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகள் எல்லாவற்றிலுமே இருப்பதுதான். தரையில் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். எந்தப் பொருளுக்கு எது இடமோ அங்கேதான் அது இருக்க வேண்டும். கோட்டுக்குள் ஒரு துடைப்பம் சாய்ந்திருந்தால்கூட உடனே யாராவது எடுத்து அதன் இடத்தில் வைத்துவிடுவார்கள். முதல் நாளே என் தண்ணீர் பாட்டிலை இப்படித்தான் காணாமல் தேடினேன். அங்கே துப்புரவு வேலை பார்த்த ஓர் அம்மா அதைக் கொண்டுபோய் பாட்டில் வைக்கும் அலமாரியில் வைத்திருந்தார். "இன்னா மேடம், கண்ட எடத்துல வெச்சிட்டு எங்கள மாட்டி வுடுவீங்க போலக்குதே" என்று சிரித்தார். பக்கத்து ஊர்க்காரர். அவர்கள் வீட்டு நிலமும் அந்தத் தொழிற்பேட்டைக்குள்தான் எங்கேயோ இருக்கிறது என்பார்.

மரச் சாமான்களைப் புது இடத்தில் அப்படியே கொண்டுபோய் வைக்க முடியாது. வண்டும் கூடவே குடிபோய்விடும். அதனால் முதலில் எல்லாவற்றையும் ஒரு கன்டெய்னருக்குள் ஏற்றி, கதவை மூடி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, குழாய் வழியாக மருந்து கேஸை உள்ளே விட வேண்டும். வெளிநாட்டுக்குப் போகும் மரப்பெட்டிகளுக்கு அந்த வட்டாரத்தில் அன்றாடம் செய்வதுதான். அதற்கென்று ஓர் ஆள் வந்திருந்தார். தூத்துக்குடிக்காரர், மெலிந்த உடம்பு, அதிகம் பேசாதவர். காலையில் எங்களை எல்லாம் நிற்க வைத்து ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார்.

"இதுக்கு வாசனையே கெடையாதுக்கா. வாசனை வந்தா ஓடிரலாம்னு மட்டும் நெனைச்சிராதிய. மதியம் சாப்பாட்டு சைரன் அடிச்சு, எல்லாரும் கேன்டீனுக்குப் போன பொறவுதான் வால்வத் திறப்பேன். அதுக்குப் பொறவு இந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா வரக் கூடாது."

நானும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினேன்.

பதினொன்றரை மணி வாக்கில் ஏற்றுவது முடிந்தது. கன்டெய்னரின் கடைசியில் பெரிய குதிரை, நடுவில் தேர்ச் சிற்பங்கள் அடங்கிய மரச் சட்டங்கள், கதவை ஒட்டிக் காளை. பக்கத்தில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்குச் சந்து. என்னோடு வந்திருந்த எங்கள் காவலர் கை கழுவப் போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. குதிரையின் மேல் பயணத்துக்காகச் சுற்றிய பிளாஸ்டிக் உறையை முன்பக்கம் மட்டும் கிழித்திருந்தோம், பின்பக்கம் கிழிக்கவில்லை. உறை இருந்தால் கேஸ் மரத்துக்குள் போகாது. வண்டு இருப்பதே பின்னங்காலில்தான்.

இரண்டு நிமிட வேலை. யாரைக் கூப்பிடுவது? பேப்பர் வெட்டும் கத்தியையும் சின்ன டார்ச்சையும் எடுத்துக்கொண்டேன். கன்டெய்னர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அந்தச் செருப்பே அங்கே ஒரு பஞ்சாயத்து. கிடங்கில் எல்லோருக்கும் பாதுகாப்பு ஷூ கட்டாயம். எனக்குக் கொடுத்தது படகு மாதிரி இருந்ததால் நான் என் தோல் செருப்பிலேயே திரிந்துகொண்டிருந்தேன். கிடங்குப் பொறுப்பாளர் பார்க்கும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார்.

குதிரைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பிளாஸ்டிக்கை அறுத்துக்கொண்டிருந்தேன். காதுக்குள் பிளாஸ்டிக் சத்தம், வெளியே ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது போடும் பீப் பீப். திடீரென்று வெளிச்சம் போய்விட்டது. டம் என்று ஒரு சத்தம்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஆடிக் காற்றில் கதவு சாத்திக்கொண்டது என்றுதான் நினைத்தேன். கன்டெய்னர் கதவு என்ன, சமையலறை ஜன்னலா? ஆனாலும் அப்படித்தான் தோன்றியது. "யாருப்பா அங்க, கதவத் தொற, ஆள் இருக்கேன்" என்று வீட்டில் கூப்பிடுவது போலத்தான் சொன்னேன். பதில் இல்லை. வெளியே இரும்புக் கம்பிகள் கொக்கியில் விழும் சத்தம் கேட்டது.

அப்புறம் ஒரு சத்தம். சர்ர்ர் என்று நீளமாக.

டேப். கதவிடுக்கில் டேப் ஒட்டுகிறார்கள்.

அந்த நொடியில் எனக்கு என்ன ஆனது என்று எப்படி எழுதுவது? பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஒரு பெரிய திகைப்பு. 'என்னை வைத்தா ஒட்டுகிறார்கள்? என் செருப்பு வாசலில் கிடக்கிறதே!' என்று நம்பவே முடியாமல் நின்றேன். செருப்பு கிடக்கும்போது ஒருவர் எப்படிக் கதவை மூட முடியும்? உலகத்தில் அப்படி ஒரு விஷயம் நடக்கும் என்றே என் மூளைக்குத் தெரியவில்லை.

சந்துக்குள் ஓடினேன். எங்கெங்கோ இடித்தது. கதவை இரண்டு கையாலும் அடித்தேன். கத்தினேன். செல்போன் கிடையாது. கேமரா உள்ள போன் எதையும் உள்ளே விட மாட்டார்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நாள் முழுக்க இரும்பை இரும்பு அடித்துக்கொண்டிருக்கும் இடம் அது. என் கைத் தட்டல் யாருக்குக் கேட்கும்? எதிர்க் கட்டடத்தில் தகடு அழுத்தும் இயந்திரம் வேறு விடாமல் இடித்துக்கொண்டே இருந்தது.

டார்ச்சை மேலே அடித்தேன். கதவின் மேல் மூலையில் குழாய் தெரிந்தது. விரல் பருமனில், வாயைத் திறந்துகொண்டு. சைரன் அடித்ததும் அதன் வழியாக வரப்போவது எனக்கு வாசனையாகக்கூடத் தெரியாது.

அது எனக்கு எட்டவில்லை. காளை வாகனத்தின் முதுகில் ஏறினால் எட்டும். ஒரு கணம் தயங்கினேன் என்றால் நம்புவீர்களா? அந்த மரத்துக்கு மரியாதை கொடுக்கத்தான் செருப்பைக் கழற்றினேன். எந்த ஊர்ச் சாமியோ ஒரு காலத்தில் அதன் மேல் உட்கார்ந்து வீதி வந்திருக்கிறது. அப்பனே, மன்னிச்சுக்கோ என்று சொல்லிக்கொண்டே அதன் முதுகில் ஏறி நின்றேன். திமிலில் ஒரு காலை வைத்தேன். உளுத்த மரம் முறுக் முறுக் என்றது. கையில் இருந்த கத்தியால் புடவை முந்தானையை அறுத்தேன். அதைச் சுருட்டிச் சுருட்டிக் குழாயின் வாய்க்குள் திணித்தேன். அது எவ்வளவு நேரம் தாங்கும், தாங்குமா என்றெல்லாம் எனக்குத் தெரியாது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சைரன் அடித்தது.

தினமும் கேட்ட சைரன்தான். அன்றைக்கு வரை அதைக் கேட்டால் எனக்குச் சாம்பார் ஞாபகம்தான் வரும். அன்று வேறொன்று வந்தது. என் பெண்ணுக்கு அன்று சாயங்காலம் பல் டாக்டரிடம் போக வேண்டும், அதை அவள் அப்பாவிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்பது நினைவுக்கு வந்தது. சாகப்போகிறவளுக்கு இவ்வளவு அற்பமான நினைப்பா என்று எனக்கே கோபம் வந்தது. விரலை மட்டும் எடுக்கவில்லை.

வெளியே நடந்ததை எல்லாம் பிறகு கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அந்தத் துப்புரவு அம்மா அந்த வழியாக வந்திருக்கிறார். மஞ்சள் கோட்டுக்குள் ஒரு ஜோடி செருப்பு. வழக்கம்போல எடுத்துக்கொண்டுபோய் ஷூ வைக்கும் அலமாரியில் வைத்துவிட்டார். அடுத்ததாகக் கேஸ்காரர் வந்தார். வாசலில் இருந்து டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். காளையும் சட்டங்களும்தான் தெரிந்தன, நான் குதிரைக்குப் பின்னால் குந்தியிருந்தேன். குரலும் கொடுத்தாராம். எனக்குப் பிளாஸ்டிக் சத்தத்தில் கேட்கவில்லை. கிடங்குப் பொறுப்பாளர் தன் ஆட்களை எண்ணிப் பார்த்தார். எல்லோரும் இருந்தார்கள். நான் அவர் ஆள் இல்லையே, விசிட்டர். என் பெயர் கேட் செக்யூரிட்டியின் நோட்டோடு முடிந்துவிட்டது. கதவை மூடினார்கள்.

சைரன் அடித்ததும் எல்லோரும் கேன்டீன் வரிசையில் நின்றிருக்கிறார்கள். அந்த அம்மாவும் தட்டோடு நின்றவர், பாதியில் திரும்பிப் போய் அலமாரியில் இருந்த என் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து, வரிசையில் இருக்கிற ஒவ்வொருவர் காலாகப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். "இது யாரு செருப்பு? யாருப்பா வெறுங்கால்ல சுத்தினு கீறது?" என்று கேட்டுக்கொண்டே. சிலர் சிரித்தார்களாம்.

எங்கள் காவலர் வரிசையின் கடைசியில் நின்றிருந்தார். செருப்பைப் பார்த்ததும், "எங்க மேடமோடதாச்சே! எங்கிருந்து எடுத்தீங்க?" என்றார்.

"அந்த கன்டெய்னராண்ட கெடந்துச்சு."

அவர் தட்டைப் போட்டுவிட்டு ஓடினார். ஓய்வுபெற ஒரு வருடம்கூட இல்லாத மனிதர், மூட்டு வலி என்று மாடிப்படி ஏறாதவர். கேஸ்காரர் முகமூடி மாட்டிக்கொண்டு வால்வில் கையை வைத்துக் குனிந்திருந்தார். காவலர் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. பின்னால் இருந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்ததில் இருவரும் கீழே விழுந்தார்கள்.

டேப் கிழியும் சத்தம் மறுபடி கேட்டது. கதவு திறந்தது. பகல் வெளிச்சம் அப்படியே முகத்தில் அடித்தது. காளை மேல் ஏறி நின்றுகொண்டு, பாதி முந்தானை இல்லாமல், கையை மேலே தூக்கிக் குழாயை அழுத்திக்கொண்டு நான். எதிரே ஏழெட்டுப் பேர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். என்னைக் கீழே இறங்கச் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. விரலை எடுக்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை. காவலர் ஏறி வந்து என் கையைப் பிடித்து, "மேடம், போதும் மேடம், வுடுங்க" என்று ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்.

அந்தத் துப்புரவு அம்மா தன் யூனிஃபார்ம் மேல்கோட்டைக் கழற்றி என் மேல் போர்த்தினார். பிறகுதான் அவருக்கே விஷயம் முழுதாகப் புரிந்திருக்க வேண்டும். என் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் எடுத்து வெச்சேன். நான்தான் எடுத்து வெச்சேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கேஸ்காரர் முகமூடியைக் கழற்றாமலே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. "டார்ச் அடிச்சுப் பாத்தேங்க்கா. நல்லாத்தான் பாத்தேன். கை வால்வு மேல இருந்துச்சுக்கா" என்றார்.

அப்போது கிடங்குப் பொறுப்பாளர் வந்தார். வந்தவர் நேரே அந்த அம்மாவைப் பார்த்து, "உன்ன யாரு அதத் தொடச் சொன்னது? கன்டெய்னராண்ட உனக்கு இன்னா வேலை? நாளைலருந்து வராத" என்று கத்த ஆரம்பித்தார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியாது. "அவங்கள ஒரு வார்த்தை பேசாதீங்க" என்று நான் போட்ட சத்தத்தில் அந்த இடமே அதிர்ந்தது. கன்டெய்னருக்குள் அப்படிக் கத்தியிருந்தால் ஒருவேளை வெளியே கேட்டிருக்கும்! "எது தரையில கிடந்தாலும் எடுன்னு சொல்லிக் கொடுத்தது நீங்க. அவங்க எடுத்தாங்க. அவங்களை அனுப்பணும்னா முதல்ல என்னை எண்ணாம விட்டவங்களை அனுப்புங்க" என்றேன். அவர் பின்வாங்கினார். நல்ல மனிதர்தான். அவரும் பயந்துபோயிருந்தார், பயம் அவருக்குக் கோபமாக வந்தது. அந்த அம்மாவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கே எங்கள் வேலை முடியும்வரை தினமும் நான் அதைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மறுநாள் முதல் கன்டெய்னர் பக்கத்தில் ஒரு பலகை வந்தது. உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும், விசிட்டரோ மந்திரியோ, கழுத்து அட்டையை அதில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஓர் அட்டை தொங்கினாலும் கதவை மூடக் கூடாது. சாமான்கள் எல்லாம் பத்திரமாகப் புது இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. காளையின் திமிலில் ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. அதற்கு நான்தான் காரணம் என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ரொம்ப நாளைக்குக் குளியலறைக் கதவைத் தாழ்போட முடியவில்லை. இன்றும் கூரியர் கடையில் பார்சலுக்கு டேப் இழுத்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், யார் மேலும் பழி போட முடியவில்லை. நான் மரியாதைக்குச் செருப்பைக் கழற்றினேன். அந்தத் துப்புரவு அம்மா ஒழுங்குக்கு அதை எடுத்து வைத்தார். கேஸ்காரர் டார்ச் அடித்துப் பார்த்தார், பொறுப்பாளர் எண்ணிப் பார்த்தார். ஒவ்வொருவரும் அவரவர் வேலையை நன்றாகத்தான் செய்தோம். எல்லோரும் ஒழுங்காகச் செய்தே ஒருத்தியைக் கொல்ல முடியும் என்பதுதான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியாத விஷயம்.

கடைசி நாள் அந்த அம்மாவுக்கு ஒரு புடவை வாங்கிக்கொண்டு போனேன். வாங்க மறுத்தார். "நான் எடுத்து வெச்சதாலதான மேடம் அப்டி ஆச்சு" என்றார். "எடுத்து வெச்சீங்க சரி. சாப்பாட்டு வரிசையை விட்டுட்டு அதைத் தூக்கிக்கிட்டு ஏன் தேடினீங்க?" என்று கேட்டேன்.

"இன்னா மேடம், அன்னிக்கி பெட்டி ஒடச்ச எடத்துல பூரா ஆணி கொட்டிக் கெடந்துச்சு. யாரோ பாவம் வெறுங்கால்ல சுத்தினு கீறாங்களே, கால்ல ஏறிடப் போவுதேன்னு சோறு எறங்கல. அதான்" என்றார்.

ஓர் உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று அன்று யாரும் கிளம்பவில்லை. முகம் தெரியாத யாரோ ஒருவர் காலில் ஆணி ஏறிவிடுமோ என்று ஒருவருக்குச் சோறு இறங்காமல் போனதால்தான், இதை எழுதிக்கொண்டு நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.